பம்பு இல்லாத பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

மண்ணில்லா வேளாண்மைப் பயிற்சி வகுப்பு நடத்தும் உங்கள் அனைவருக்கும்,



போன மாதம் தஞ்சாவூரில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் உங்களில் ஒருவர் நடத்திய ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தோம். பாதிப்பேர் பெண்கள். திரையில் வெள்ளை வெளேரென்று பிவிசி பைப்புகள் அடுக்கடுக்காக நின்றன. அடியில் தொட்டி, தொட்டிக்குள் பம்பு, சுவரில் டைமர். பதினொன்றரை மணி இருக்கும். கடைசிக்கு முந்தின வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் கோடு போட்ட நோட்டு.

“தம்பி, எங்க ஊர்ல மத்தியானம் கரண்ட் போனா சில நாள் சாயங்காலம்தான் வருது. அப்ப செடி என்னாகும்?”

“இன்வெர்ட்டர் போட்டுக்கணும்மா. பேக்கப் இல்லாம இதுல இறங்கவே கூடாது.”

அந்த அம்மா நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் திரும்பி வரவில்லை. அவர் வராமல் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

பதில் சொன்ன தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது பொய்யும் இல்லை. பைப்புக்குள் மெல்லிய படலமாகத் தண்ணீர் ஓடுகிற அமைப்பில் பம்பு நின்றால் வேருக்கு வேறு கதி கிடையாது. சித்திரை வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இலை தொங்கிவிடும். என் மனக்குறை என்னவென்றால், அந்த அம்மாவின் கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. உங்களில் பெரும்பாலோருக்கு அது தெரியும். தெரிந்தும் வகுப்பில் நீங்கள் அதைச் சொல்வதில்லை. சொன்னாலும் கடைசிப் பத்து நிமிடத்தில், எல்லோரும் சான்றிதழுக்காக எழுந்து நிற்கும்போது, “பம்பு இல்லாமலும் ஒரு முறை இருக்கு, அது பொழுதுபோக்குக்கு” என்று தாண்டிப்போகிறீர்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்தேன். ஹெல்ப்பராகச் சேர்ந்து, வயர்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராக 2019-இல் ஓய்வு பெற்றேன். கரண்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அது ஒரு வீட்டுக்குப் புதிதாகப் போய்ச் சேரும் நாளில் அந்த வீட்டார் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவன். அது போனால் எப்படி இருக்கும் என்றும் பார்த்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. எல்லா மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்து, சேற்றில் நின்று, கம்பத்தைத் தோளில் தூக்கி நட்டோம். அப்படியும் உள்கிராமங்களுக்கு வெளிச்சம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆனது. புயலை விடுங்கள். வருடத்தில் ஒரு நாள் வருவது அது. மாதாந்திரப் பராமரிப்புக்கு என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் காலை 9 மணிக்கு நாங்களே லைனை ஆஃப் செய்வோமே, அந்த ஒரு நாள் போதும், நீங்கள் விற்கும் பைப் தோட்டம் கருகிப்போக.

இது கற்பனையில்லை. எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஒரு பெண், இப்படி ஒரு வகுப்புக்குப் போய்விட்டு வந்து, மகளிர் குழுவில் கடன் வாங்கிப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கினார். 36 துளை. முதல் மாதம் லெட்டூஸ் தளதளவென்று வந்தது. தெருவே வந்து பார்த்தது. இரண்டாம் மாதம் ஒரு பராமரிப்பு நாள். பேப்பரில் போட்டிருந்தார்கள், அவர் பேப்பர் பார்ப்பவர் இல்லை. காலையில் கடைக்குப் போனவர் ஆறு மணிக்குத் திரும்பி மாடி ஏறினார். என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போனபோது பைப்பின் மூடியைக் கழற்றி ஒரு செடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேர் காய்ந்த தேங்காய் நார் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. கரண்ட் வந்து பம்பு ஓடிக்கொண்டிருந்தது. செத்த வேரின் மேல் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. விற்றவர்களுக்குப் போன் போட்டார். “பேக்கப் வைக்கச் சொல்லியிருந்தோமே” என்றார்கள். அந்தப் பைப் ஸ்டாண்டில் இப்போது அவர் துணி காயப்போடுகிறார். கடன் இன்னும் முடியவில்லை.

அவர் தோற்றுவிட்டார் என்று நீங்கள் நினைக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீச்சல் கற்க வந்தவரை முதல் நாளே ஆழத்தில் இறக்கினால் கரையேறியவர்கள் மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிவார்கள்.

பம்பு எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வகுப்பில் நீங்கள் அதைச் சொல்லும் விதத்தில் ஒரு குறை இருக்கிறது. “தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கணும், நின்றால் அழுகிவிடும்” என்கிறீர்கள். கேட்பவர்கள் ஓட்டம்தான் செடியைக் காப்பாற்றுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். செடிக்கு ஓட்டம் தேவையில்லை. அதன் வேருக்கு வேண்டியது மூச்சு. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் எட்டு மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். அதே ஒரு லிட்டர் காற்றில் இருப்பது 270 மில்லிகிராமுக்கு மேல். தண்ணீரின் வெப்பம் 35 டிகிரிக்குப் போனால் எட்டு ஏழாகக் குறைகிறது. வேரின் பசியோ சூட்டில் கூடுகிறது. போதாக்குறைக்கு, தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. அதனால்தான் பம்பு வைத்துக் கலக்குகிறோம், காற்றுக்கல் போட்டுக் குமிழி விடுகிறோம். கஷ்டப்பட்டுத் தண்ணீருக்குள் காற்றைத் திணிக்கிறோம்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். காற்றைத் தண்ணீருக்குள் கொண்டுபோவானேன், வேரின் ஒரு பாதியைக் காற்றிலேயே விட்டுவிட்டால் என்ன? மூடிய தொட்டியில் சத்து நீரை நிரப்பு. மூடியில் துளை போட்டு, செடி வைத்த நெட் பாட் என்ற ஓட்டைக் கிண்ணத்தின் அடி மட்டும் தண்ணீரைத் தொடும்படி தொங்கவிடு. அப்புறம் கை வைக்காதே. செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும். இறங்கிய இடத்தில் ஈரக்காற்று நிற்கும். அந்த ஈரக்காற்றில் செடி புதிதாக வேறு வகை வேரை விடும். கீழ்வேர் தண்ணீரும் சத்தும் எடுக்கும். மேல்வேர் மூச்சு விடும். அறுவடைக்குள் தண்ணீர் ஏறக்குறைய தீர்ந்துபோகும்படி தொடக்கத்திலேயே அளந்து ஊற்றிவிட்டால், நட்டதிலிருந்து வெட்டும்வரை வேலையே இல்லை. 2009-இல் அவர் எழுதிய கட்டுரையில் லெட்டூஸுக்கு இப்படி மூன்று விதமான அமைப்புகளைச் சொல்கிறார். மூன்றிலும் கரண்ட் கிடையாது.

இதை நீங்கள் “ஹவாய்க்காரன் பொழுதுபோக்கு” என்று ஒதுக்கினால் எனக்கு வருத்தம். மண்ணில்லா வேளாண்மை இந்தியாவுக்குள் வந்ததே பம்பு இல்லாமல்தான். 1946-இல் டார்ஜிலிங் பக்கத்தில் காலிம்போங்கில் ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ் செய்த சோதனைகளை நினைத்துப் பாருங்கள். சாமான் வாங்க வழியில்லாத எளிய வீடுகளுக்கு இது எட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். தொட்டியில் ஜல்லியும் மணலும் போட்டு, உர உப்பை உலர்வாகவே தூவி, கையால் தண்ணீர் ஊற்றினார். 1951-இல் புத்தகமாக வந்தபோது அதற்கு வங்காள முறை என்றே பெயர் வைத்தார். எண்பதுகளில் தைவானில் இருந்த ஆசியக் காய்கறி ஆராய்ச்சி மையத்தில் இமாய் என்ற ஜப்பானிய ஆய்வாளர், வெப்ப நாடுகளுக்காகவே ஓட்டமில்லாத நீர்த்தொட்டி முறையை உருவாக்கினார். 1993-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் லத்தீன் அமெரிக்க அலுவலகம், நகரத்து ஏழைக் குடும்பங்களுக்காக ஒரு கையேடு போட்டது. மிதவைத் தொட்டிக்குக் காற்று கொடுக்க அதில் சொல்லியிருக்கும் வழி என்ன தெரியுமா? தினமும் இரண்டு தடவையாவது கையால் நீரைக் கலக்கிவிடுங்கள் என்பதுதான். இல்லாதவர்களுக்காக யோசித்த ஆட்கள் எல்லோரும் கரண்டை ஒதுக்கிவிட்டுத்தான் யோசித்திருக்கிறார்கள். உங்கள் வகுப்பின் வரலாற்றுப் பகுதியில் பாபிலோன் தொங்குதோட்டம் வருகிறது. காலிம்போங் வருவதில்லை.

நான் செய்த பெட்டியைச் சொல்கிறேன். மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு மீன் வரும் தெர்மோகோல் பெட்டி, மூடியோடு. இரண்டடி நீளம். பழசு கேட்டால் சொற்ப விலைக்குத் தருவார்கள். சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவி, மூன்று நாள் வெயிலில் வைத்தால் கவிச்சி போய்விடும். உள்ளே கறுப்பு பாலிதீன் விரிப்பை ஓட்டைகள் இல்லாமல் பதித்தேன். தெர்மோகோல் வெள்ளையாக இருந்தாலும் வெளிச்சத்தை உள்ளே விடும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். நீங்கள் சொல்லும் பிளாஸ்டிக் தொட்டியைவிட இதில் ஒரு பெரிய சௌகரியம், ஐஸைக் காப்பதற்கென்றே செய்தது என்பதால் வெயில் சூடு சுலபத்தில் உள்ளே இறங்காது. பம்பும் இல்லாததால் மோட்டார் சூடும் தண்ணீரில் சேராது. மூடியில் எட்டுத் துளை. நெட் பாட்டுக்குப் பதில் சிறிய பிளாஸ்டிக் கப்பில் சூடான கம்பியால் ஓட்டை போட்டு, கோகோபிட் நிரப்பினேன். பெட்டி நாற்பது லிட்டர் பிடித்தது. முதல் தடவை பாக்சோய் நான்கு, லெட்டூஸ் நான்கு.

அப்புறம் நான் செய்த தப்பு. உங்களிடம் வருகிற பத்துப் பேரில் ஐந்து பேராவது இதைச் செய்வார்கள் என்பதால் சொல்கிறேன். இருபத்துமூன்றாம் நாள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் பாதிக்கும் கீழே போயிருந்தது. தண்ணீருக்கு மேலே தொங்கிய வேர்கள் குட்டையாக, தடிப்பாக, பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன. தண்ணீருக்குள் இருந்தவை நீளமாக, மெல்லிசாகக் கிடந்தன. எனக்கு அது புரியவில்லை. வேரெல்லாம் வெளியே தொங்குகிறதே என்று மனசு பதறியது. ஹோஸைப் போட்டுக் கழுத்துவரை நிரப்பிவிட்டேன். புண்ணியம் செய்த நிறைவோடு அன்றைக்குத் தூங்கினேன். மறுநாள் மாலை பாக்சோய் தலை சாய்ந்தது. அதற்கு மறுநாள் எட்டும் படுத்துவிட்டன. நாற்பது லிட்டர் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, தண்ணீர் இல்லாத செடி மாதிரி வாடின. மூடியைத் தூக்கினால் அந்த வெள்ளைப் பஞ்சு வேரெல்லாம் பழுப்பாக, வழுவழுவென்று தொங்கியது. மூச்சு விடுகிற வேரை நான் முக்கிக் கொன்றிருந்தேன்.

நிரப்பவே கூடாது என்பதில்லை. வெயில் காலத்தில் பெட்டி சீக்கிரம் வற்றும். அப்போது ஊற்றத்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதிலிருந்து இரண்டு விரற்கடைக்கு மேல் ஏறக்கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை வகுப்பில் மூன்று தடவை சொல்லுங்கள். ஊற்றுவது அன்பு என்று பழகிய கைகள் நம்முடையவை. மண்ணில் வளர்த்தவர்களுக்குத்தான் இது இன்னும் கஷ்டம்.

உங்கள் மறுப்புகள் எனக்குத் தெரியும். இடைவேளையில் டீ குடிக்கும்போது அந்தத் தம்பியிடம் கேட்டேன். “தேங்கின தண்ணி சார், கொசு வந்துடும். டெங்கு வந்தா யார் பொறுப்பு?” என்றார். நியாயமான பயம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்; இந்தப் பெட்டி நாற்பது நாள் நிற்கிறது. கவனமில்லாமல் வைத்த பெட்டி கொசுப்பண்ணைதான். ஆனால் அதற்கு வைத்தியம் கொசுவலைத் துணி. கப்பைச் சுற்றி ஒரு துண்டு வலையை விட்டு அழுத்தி இறக்கினால் துளையில் இடுக்கு இருக்காது. மூடியின் விளிம்பைச் சுற்றிப் பெரிய டேப். செடி வைக்காத துளையை அடைத்துவிட வேண்டும். வாரம் ஒரு நாள், கிழமை குறித்து வைத்துக்கொண்டு, ஒரு கப்பைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புழு நெளிந்தால் தயங்காமல் பெட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும். இதைச் செய்ய மாட்டேன் என்பவருக்கு இந்த முறையைச் சொல்லித்தர வேண்டாம். அதில் உங்களோடு நானும் நிற்பேன்.

“சித்திரையில் தாங்காது” என்றார். தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் என் பெட்டியில் லெட்டூஸ் வரவில்லை. வெந்நீரில் வேரழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஐப்பசியிலிருந்து மாசி வரை லெட்டூஸ், பாக்சோய், கொத்தமல்லி. அதன்பிறகு பச்சை வலை நிழலில் பொன்னாங்கண்ணி, பசலை, புதினா, வல்லாரை. இவையெல்லாம் ஈரத்தில் வளர்ந்து பழகியவை. குச்சியை, கொடியை ஒடித்து வைத்தாலே வேர் பிடிக்கும். நாற்றுச் செலவும் இல்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் வீட்டில் யாருக்கு லெட்டூஸ் வேண்டும்? அந்த அம்மா வீட்டில் சாம்பாருக்கும் பொரியலுக்கும் ஆகிற கீரையை வைத்து நீங்கள் சொல்லித்தந்திருந்தால், கரண்ட் கேள்விக்கு முன்பே அவர் நோட்டில் பாதிப் பக்கம் நிறைந்திருக்கும்.

“தக்காளி, வெள்ளரி எல்லாம் இதில் முடியாது” என்றார். சின்னப் பெட்டியில் முடியாது. காய்க்கிற தக்காளி ஒரு நாளில் குடிக்கிற தண்ணீருக்கு இந்தப் பெட்டி எந்த மூலைக்கு? பெரிய டிரம் வேண்டும், இடையில் சத்து சேர்க்க வேண்டும், பக்குவம் வேண்டும். வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள், ஒரே அளவில் வாரா வாரம் வெட்டி ஓட்டலுக்குக் கொடுப்பவர்கள், அவர்கள் பம்பும் இன்வெர்ட்டரும் வைத்துக்கொள்ளட்டும். அவர்களுக்கு அது தொழில் முதலீடு. நான் முதல் தடவை வகுப்புக்கு வருகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். கரண்ட் பில்லைக் காரணம் காட்டவும் நான் வரவில்லை. இருபது வாட்ஸ் பம்பு இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு முப்பது யூனிட்டைத் தாண்டாது. அந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. பில் ஒரு பொருட்டே இல்லை. வேலைக்குப் போன இடத்தில் மின்விசிறி நின்றதும் வீட்டு மாடியை நினைத்து வயிறு கலங்குகிறதே, அதுதான் ஒருவரை இதிலிருந்து விரட்டுகிறது.

தண்ணீரும் உரமும் பற்றிச் சொல்லாமல் விட்டால் நானும் உங்களைப் போலவே பாதி சொன்னவனாவேன். எங்கள் தெரு போர் தண்ணீர் கடினம். குடத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் வைத்த பெட்டியில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச்சத்துக் குறை. உரத்தில் இரும்பு இருந்தது; தண்ணீரின் காரம் அதை வேருக்குக் கிடைக்காமல் செய்துவிட்டது. கார அமில அளவு ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்கிறீர்கள், சரி. அதற்கு மீட்டர் வாங்கச் சொல்கிறீர்கள். நல்ல தண்ணீருக்கு மொட்டைமாடியில் மழைநீர் இறங்கும் குழாய் இருக்கிறதே. 2003-இலிருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டாயம் ஆக்கிய ஏற்பாடு. அதன் வாயில் ஒரு டிரம்மை வைத்தால், ஐப்பசி மழையில் நாலைந்து பெட்டிக்கான தண்ணீர் ஒரே இரவில் கிடைக்கும். அந்த நீரில் உப்பு இல்லாததால் நீங்கள் கொடுக்கும் சத்து மட்டும்தான் இருக்கும். கடலோரத்தில், கிணறே உப்புக் கரிக்கும் ஊர்களில் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

உரக்கடைக்குப் போனால் 19:19:19 பாக்கெட்டைத் தூக்கிக் கொடுப்பார்கள். உங்கள் மாணவர்கள் அதைத்தான் வாங்கிப் பெட்டியில் கொட்டுகிறார்கள். அந்தப் பாக்கெட்டில் உள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருப்பது. மண்ணில் நுண்ணுயிர்கள் அதைச் செடிக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரும். வெறும் தண்ணீரில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. அதில் கால்சியமும் கிடையாது. செடி வெளுத்துப்போய் நிற்கும், “இந்த முறையே சரியில்லை” என்று ஆள் ஓடிவிடுவார். பத்து லிட்டருக்கு 4:18:38 வகை உரம் ஆறு கிராம், எப்சம் உப்பு மூன்று கிராம், கால்சியம் நைட்ரேட் ஆறு கிராம். நுண்சத்து அந்த முதல் உரத்தில் இல்லையென்றால் தனியே வாங்க வேண்டும். கால்சியம் நைட்ரேட்டைத் தனி பாட்டிலில் கரைத்து, பெட்டியில் தண்ணீர் நிறைந்த பிறகு கடைசியாகச் சேர்க்க வேண்டும். மூன்றையும் ஒரே டம்ளரில் கெட்டியாகக் கரைத்தால் சுண்ணாம்பு மாதிரி அடியில் உறைந்துவிடும். அப்புறம் அது செடிக்கு ஆகாது. சமையலறைத் தராசு இருந்தால் போதும். சர்க்கரை அளந்து பழகிய பெண்களுக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது?

நான் மண்ணுக்கு எதிரானவன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா திருவையாறு பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். பின்வாசலில் நாலு முழ மண் இருக்கிறவர்கள் அதில் போடட்டும். அதற்கு ஈடு எதுவும் இல்லை. இருநூறு சதுர அடி வாடகை வீட்டில், “மாடியில் மண் கொட்டக்கூடாது” என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்ட இடத்தில், ஜன்னலுக்கு வெளியே ஒரு சன்ஷேடு மட்டும் இருக்கிற குடும்பங்களை மனதில் வைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உங்கள் வகுப்புக்கு இருநூறு ரூபாய் கொடுத்து வருகிறவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். உங்கள் கிட்டை வாங்க முடியாதவர்களும் அவர்கள்தான்.

கிட் விற்றால்தான் வகுப்பு நடத்த முடியும் என்பீர்கள். மண்டப வாடகை இருக்கிறது, சாப்பாடு போடுகிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். விற்க வேண்டாம் என்று யார் சொன்னது? ஒரு பெட்டியில் இரண்டு முறை கீரை வெட்டிய பெண், மூன்றாவது தடவை தானே வந்து பெரியதைக் கேட்பார். அப்போது அவருக்கு வேர் எப்படி மூச்சு விடுகிறது என்று தெரிந்திருக்கும். இன்வெர்ட்டர் எதற்கு என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. எங்கள் தெருத் தையல்காரப் பெண்ணிடம் இனிமேல் நீங்கள் ஒரு விதைப் பாக்கெட்கூட விற்க முடியாது.

ஆகையால் உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த வகுப்பை மேடையில் ஒரு மீன் பெட்டியை வைத்துத் தொடங்குங்கள். முதல் ஒரு மணி நேரம் திரையை அணைத்து வையுங்கள். வந்திருக்கும் ஒவ்வொருவரும் தம் கையால் ஒரு மூடியில் துளை போடட்டும், வலையை விட்டுக் கப்பை இறக்கட்டும், உரத்தை அளந்து இரண்டு பாட்டிலில் கரைக்கட்டும். செய்த பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். பெட்டி, கப், கோகோபிட், உரம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தமாக வாங்கினால் நீங்கள் இப்போது வகுப்பில் போடும் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, தயிர்சாதப் பொட்டலம் கொடுத்து அந்தச் செலவைப் பெருமளவு ஈடுகட்டிவிடலாம். பைப், பம்பு, டைமர் எல்லாவற்றையும் மத்தியானத்துக்கு மேல் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் கேட்பார்கள்.

இன்னொன்று. நாற்பதாம் நாள் அவர்களை மறுபடி கூப்பிடுங்கள். பெட்டியோடு வரச் சொல்லுங்கள். செத்த பெட்டிகளையும் கட்டாயம் கொண்டுவரச் சொல்லுங்கள். தளதளவென்று வந்த பெட்டியைப் போட்டோ எடுத்து வாட்ஸாப் குழுவில் போடுவதைவிட, பழுப்பேறிய வேரை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி “இதில் என்ன நடந்தது” என்று பேசுவதில்தான் பாடம் இருக்கிறது. தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பிக் கொன்ற முதல் ஆளாக நான் எழுந்து நின்று சொல்கிறேன். அப்புறம் மற்றவர்களுக்கு வெட்கம் இருக்காது.

பதிவேட்டில் அந்த அம்மாவின் பெயரும் ஊரும் உங்களிடம் இருக்கும். அன்றைக்கு எல்லோரிடமும் எழுதி வாங்கினீர்கள். தயவுசெய்து அவரைக் கூப்பிடுங்கள். கரண்ட் இல்லாத ஒரு வழி இருக்கிறது என்று சொல்லுங்கள். அவருக்கென்று ஒரு பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். கொசுவலையும் வெட்டி வைத்துவிட்டேன். பொன்னாங்கண்ணிக் குச்சி என் மாடியில் இருக்கிறது. அவர் எந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று தெரிந்தால், முதல் நாள் சாயங்காலம் ஒடித்துத் தண்ணீரில் போட்டு வைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர் ஒருவர்,
தஞ்சாவூர்